சவப்பெட்டிக்கு ஒரு சீல்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நீ சவப்பெட்டி என்று பெயர் வைத்த படகின் பின்பக்கத்தில் நேற்று ஓட்டை போட்டுவிட்டேன். ஷாஃப்ட் போகிற ஓட்டை. துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கை ஆடவே இல்லை, ஓட்டை நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்தது.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்கமாட்டேன். போனில் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், கடைசியில் சின்ன வயதில் யார் சைக்கிளை யார் உடைத்தது என்பதில் போய் நிற்கும். உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் கம்பெனி ஏஜென்ட் மூலம் கடிதம் வந்து சேர்ந்துவிடும் என்று உன் மனைவி சொன்னாள். அதனால் கடிதம்.

சித்தப்பா மகள் கல்யாணத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், "அக்கா கட்டுறது படகு இல்ல, சவப்பெட்டி. அளவெடுத்துத்தான் கட்டுறா"ன்னு சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். மன்னித்துவிட்டதால்தான் எழுதுகிறேன் என்று தப்புக்கணக்குப் போடாதே. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், எனக்குத் தெரிந்தவர்களில் அது தெரிந்தவன் நீ ஒருவன்தான். அவ்வளவுதான்.

ஷாஃப்ட் இன்ஜினிலிருந்து கிளம்பி, படகின் அடி வழியாக வெளியே போய், புரொப்பெல்லரைச் சுழற்ற வேண்டும். அது போகிற ஓட்டை வழியாக ஆறு உள்ளே வராமல் இருக்க ஒரு சீல் வேண்டும். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று பழைய மாதிரி கிளாண்ட். பித்தளைப் பெட்டி ஒன்று, அதற்குள் கொழுப்பில் ஊறிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாகத் திணித்து, ஒரு பெரிய நட்டால் நெருக்குவது. இன்னொன்று புது மாதிரி. ஒரு ரப்பர் துருத்தி கரி வளையத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் எஃகு வளையத்தின்மேல் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும்.

பழைய மாதிரியை எடுத்துக் காட்டியபோது கடைக்காரர் சொல்கிறார், "இது கொஞ்சம் சொட்டும்மா. சொட்டணும். சொட்டலன்னாதான் தப்பு."

யாரிடம் சொல்கிறார் பார்! குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் ஒழுக்குப் பிடித்தவளிடம். நடுரோட்டில் கேட்கும் கம்பியை ஊன்றி, அதன் தலையில் காதை வைத்து, ஆள் ஆழத்தில் ஓடும் குழாயில் ஊசிமுனை ஒழுக்கு இருந்தாலும் இங்கேதான் தோண்டு என்று சுண்ணாம்பால் வட்டம் போட்டவளிடம். சொட்டு இன்ஸ்பெக்டர் என்று நீயே கிண்டல் செய்வாய். இப்போது நானே என் கையால் ஒரு ஒழுக்கைப் பொருத்த வேண்டுமாம்.

ஆகவே சொட்டாத சீலைத்தான் வாங்கப்போகிறேன். சரியா, தப்பா? ஒரு வார்த்தை எழுது போதும். அறிவுரை வேண்டாம், அது இங்கேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

தப்பு.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி எழுதுவதெல்லாம் என் திருப்திக்கு.

சொட்டாத சீல் மோசமான பொருள் இல்லை. எங்கள் கப்பலில் இருப்பது அதற்குப் பெரியப்பா முறை. ஆனால் இங்கே அதைக் கவனிக்க என்னோடு சேர்த்து ஒரு கூட்டமே இருக்கிறது, போதாததற்கு அலாரம் வேறு. உன் படகில் யார் இருப்பார்கள்? நீ இருப்பாய். அந்த ரப்பர் துருத்திக்கு வயதானால் கிழியும். எஃகு வளையத்தைப் பிடித்திருக்கிற சின்னச் சின்னத் திருகுகள் தளர்ந்தால் வளையம் நழுவும். நழுவினால் சொட்டாது, கொட்டும். சொட்டாத சீல் போகும்போது சொல்லிக்கொண்டு போகாது.

கயிறு வைத்த கிளாண்ட் நம் பெரியம்மா மாதிரி. லேசாக உடம்பு சரியில்லை என்றாலும் அன்றைக்கே புலம்ப ஆரம்பித்துவிடும். சொட்டு கூடுகிறதா, நட்டைக் கொஞ்சம் இறுக்கு, அடுத்த சில மாதத்துக்குப் பேசாது. கயிறு சுற்றுகிற ஷாஃப்டை எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கிறது. அதைக் குளிர்விப்பது அந்தச் சொட்டுத் தண்ணீர்தான். சுற்றும்போது சொட்ட வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். ஒரு சொட்டும் கூடாது என்று இறுக்கினாயானால் கயிறு கருகிவிடும், ஷாஃப்டும் கீறிப்போகும். உன்னைத் தெரிந்ததால் சொல்கிறேன், உன் கை சும்மா இருக்காது.

கயிற்றைச் சாய்வாக வெட்டு. ஒரு வளையத்தின் மூட்டு அடுத்த வளையத்தின் மூட்டுக்கு மேல் வராதபடி திருப்பித் திருப்பிப் போடு. கரையில் இருக்கும்வரை நட்டைக் கையால் மட்டும் இறுக்கு. படகு தண்ணீரில் இருக்கும்போது அந்த நட்டை முழுதாகக் கழற்றாதே. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படி.

சொன்ன சொல்லை வாபஸ் வாங்கமாட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், நீச்சல் ஏதோ சுமாராகத் தெரிந்தவள், ஒரு கொட்டகையில் ப்ளைவுட்டை வளைத்துப் படகு கட்டிவிட்டு, தன்னந்தனியாக முகத்துவாரம் வரைக்கும் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றால் கப்பலில் வேலை செய்கிறவன் என்ன சொல்வான்? கை தட்டுவானா?

மருமகன் எழுதியிருந்தான். "மாமா, அம்மா உங்க பேச்சைத்தான் கேப்பாங்க, நிறுத்துங்க"ன்னு. நான் என்றைக்கு நிறுத்தி நீ என்றைக்கு நின்றாய்? இருந்தாலும் அவனுக்கு ஒரு வழி சொல்லி எழுதியிருக்கிறேன். என்ன வழி என்று கேட்காதே.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் வழி என்ன என்று தெரிந்துவிட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் சீல். கயிறு வைத்த கிளாண்டைத்தான் வாங்கியிருக்கிறேன். உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்று கப்பல் முழுக்கத் தம்பட்டம் அடிக்காதே. சொல்லிக்கொண்டு போகாது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எங்கள் பெரிய குழாய்கள் ஞாபகத்துக்கு வந்தன. தெருவையே பிளந்துகொண்டு வெடித்ததெல்லாம் அதுவரைக்கும் ஒரு துளி சிந்தாமல் நல்ல பிள்ளையாக இருந்தவைதான். ஒழுகுகிற குழாயை நான் கண்டுபிடித்துவிடுவேன். ஒழுகாமல் இருந்து வெடிக்கிற குழாயிடம்தான் ஒவ்வொரு முறையும் தோற்றேன். ஆக, முடிவு எனக்கே தெரிந்த விஷயத்திலிருந்து வந்தது, உன்னிடமிருந்து இல்லை. கயிற்றைச் சாய்வாக வெட்டி வளையங்கள் போட்டாயிற்று. கை ஓடியதால் மாற்றுக்கென்று இன்னொரு செட்டும் வெட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இப்போது உன் வழிக்கு வருகிறேன். படகை ஆற்றில் இறக்குவதற்குக் கிரேன் எப்போது வரும் என்று கேட்கப் போனேன். கொட்டகையை வாடகைக்குக் கொடுத்திருக்கும் பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உங்க தம்பி சீஃப் இன்ஜினியராமே. படகு சரியா இருக்குன்னு அவர் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்மா. கிரேன் தானா வரும். உங்க பையன் வந்து சொல்லிட்டுப் போயிருக்கார்."

மாமனும் மருமகனும் கூடிப் பேசி என் படகுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். சாவி நடுக்கடலில்! ஏப்ரல் முடிவதற்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மேலே அணையை மூடிவிடுவார்கள், ஆறு முழங்காலுக்குக்கூட வராது. அப்புறம் என்ன ஆகும் என்றும் என் மகன் ஏற்பாடு செய்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் ஹோட்டல் கட்டுகிறாராம். என் படகை வாசலில் நிறுத்தி, உள்ளே மண் கொட்டி, பூச்செடி வைப்பாராம். "அழகா இருக்கும்மா, எல்லாரும் பாத்துட்டுப் போவாங்க" என்கிறான். சவப்பெட்டி என்றுகூடச் சொல்லிவிட்டுப் போ, பொறுத்துக்கொள்கிறேன். பூந்தொட்டியாகப் போக விடமாட்டேன்.

ஏன் தனியாகப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பள்ளம் தோண்டும் இடத்துக்கெல்லாம் போய் இறங்குவேன். உடனே ஒருத்தன் வருவான், "மேடம், நீங்க ஜீப்லயே இருங்க, நாங்க பாத்துக்கறோம்"னு. அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தை மறுநாள் நான் போய்ச் சரி செய்வேன். அத்தனை வருஷமும் தண்ணீர் எனக்குக் காதில்தான் இருந்தது. மண்ணுக்கு அடியில், இரும்புக்குள்ளே. கண்ணால் அதன் முழு நீளத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும், ஜீப்பில் உட்காராமல்.

கையெழுத்தை அனுப்பு.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

கையெழுத்து யோசனை என்னுடையதுதான். மருமகனைத் திட்டாதே, அவன் பயந்தாங்கொள்ளி, ஆனால் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான்.

நான் ஜூனில் ஊருக்கு வருகிறேன். வந்து படகைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் இரண்டு பேருமாகப் போவோம். நான் வாயே திறக்கமாட்டேன், நீ சொன்ன வேலையைச் செய்கிறேன். வாசலில் பூச்செடி வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்குச் சம்மதித்தால் இன்றைக்கே மருமகனுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று உனக்குத் தெரியாது, யாருக்கும் சொல்லவில்லை. இதற்கு முன் வேலை பார்த்த கப்பலில் ஷாஃப்ட் சீல் போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது. இன்ஜின் ரூமில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. பம்ப் எல்லாம் ஓடியது, ஆள்கள் ஓடினார்கள், எல்லோரும் பிழைத்தோம். ஆனால் அந்தத் தண்ணீர் ஏறும்போது ஒரு குளிர் வரும் அக்கா, அது முழங்காலைத் தொடுகிறபோது மனுஷன் மனுஷனாக இருக்கமாட்டான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்றே தெரியாது. கல்யாணத்தில் நீ எல்லோரிடமும் படகின் படத்தைக் காட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அந்தத் தண்ணீரில் நீ தனியாக நிற்பதுதான் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். எனக்கு நீ ஒருத்திதான் அக்கா.

இதற்காக வாபஸ் வாங்குகிறேன் என்று நினைக்காதே. பயம் உண்மை என்றால் சொன்னதும் உண்மைதான். ஜூன் வரை பொறு.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய். வீட்டுக்கு வந்ததும் அதை முழுக்கச் சொல், கேட்கிறேன்.

ஆனால் உன் பயத்தைத் தூக்கி என் படகில் பாரமாக ஏற்றாதே. ஜூன் வரை பொறுக்கமாட்டேன். உன் கையெழுத்தும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

கையெழுத்தும் வேண்டாம் என்கிறாய். சரி, அப்படியானால் போட்டு அனுப்புகிறேன். உன்னிடம் இதுவரை எதுவும் நேர்வழியில் நடந்ததில்லை.

இத்தோடு இருக்கும் தாளில் கம்பெனி முத்திரை கிடையாது, என் கையெழுத்து மட்டும்தான். பட்டறைக்காரருக்கு அது போதும். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்தப் படகை நான் பார்த்ததில்லை. இதைக் கட்டியவரைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவர் தேர்ந்தெடுத்திருக்கும் ஷாஃப்ட் சீல் சரியானது. அவர் சரி என்று சொன்னால் படகு சரி. தண்ணீரில் இறக்கலாம்." இதைவிடப் பொறுப்பில்லாத சான்றிதழை எந்த சீஃப் இன்ஜினியரும் எழுதியிருக்கமாட்டான். இன்ஜின் ரூமில் என் உதவியாளர் படித்துவிட்டு, "சார், இது வேலைக்கு ஆகுமா?" என்றார். உன்னைத் தெரியாதவர், பாவம்.

இரண்டு விஷயம். தண்ணீரில் நட்டைக் கழற்றாதே. சொட்டை நிறுத்தாதே.

வாபஸ் மட்டும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

உன் தாள் முந்தாநாள் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே படகு தண்ணீரில் இறங்கிவிட்டது.

பட்டறைக்காரரின் கிரேனைத் தொடவே இல்லை. என்னைக் கண்டாலே மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அந்தக் குழாய் கான்ட்ராக்டர் ஞாபகம் இருக்கிறதா? அவரிடம் போய், "உங்க குழாய் தூக்குற லாரி ஒருநாள் வேணும்"னு கேட்டேன். "மேடம், எங்கேயாவது ஒழுகுதா?" என்று நடுங்கினார். பெரிய குழாயைத் தூக்கும் பட்டையை மாட்டி என் படகைத் தூக்கினார்கள். ஒருவன் தலையில் கைவைத்து, "இதுல வால்வு எங்கம்மா?" என்றான். பட்டறைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. என் மகனும் வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைத் தன் கையாலேயே மாட்டிவிட்டான். இழுத்த இழுப்பில் மூச்சு முட்டியது. "போன் பண்ணும்மா" என்றான், அவ்வளவுதான். அவனையும் கூட்டிப்போயிருக்கலாம். போகவில்லை.

இன்ஜின் கிளம்பியது. ஷாஃப்ட் சுற்றியது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சொட்டியது. நீ சொன்னது போலவே, கடைக்காரர் சொன்னது போலவே அழகாக ஒவ்வொன்றாக. தம்பி, என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை! என் படகுக்குள், என் கண் முன்னால் ஒரு ஒழுக்கு. கை தானாக ஸ்பேனரை எடுத்துவிட்டது. கொஞ்சம் இறுக்கினேன், குறைந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், நின்றே போனது. சுட்டு விரலால் தடவிப் பார்த்தேன், எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. உலகத்திலேயே சொட்டாத கிளாண்ட் என்னுடையதுதான் என்று பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்து படகை ஓட்டினேன். பாலத்தைத் தாண்டும்போது மேலே நின்றவர்களைப் பார்த்துக் கையாட்டினேன்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடி கருகுகிற நாற்றம் வந்தது. பலகையைத் தூக்கினால் புகை. பித்தளைப் பெட்டி கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது. இன்ஜினை அணைத்து நங்கூரம் போட்டேன். சூடு ஆறியதும் நட்டைத் தளர்த்தினேன். இந்தத் தடவை சொட்டவில்லை, ஓடியது. கயிறு கருகிப் பொடியாகிவிட்டது, இனி எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. நான் செய்த வேலைதான், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஓட்டை போட்ட நாளில் ஆடாத கை, ஸ்பேனரை எடுத்தபோதாவது ஆடியிருந்தால் தேவலை.

நட்டைக் கழற்றாதே என்ற வரியை நீ சொன்னபடி இரண்டு தடவை படித்திருந்தேன். நடு ஆற்றில் மூன்றாவது தடவையும் நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போக இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓட கயிறு வேண்டும். யாரையாவது கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். கரையில் பட்டறைக்காரர் இருப்பார், பூச்செடிக்காரர் இருப்பார், என் மகன் இருப்பான். நான் ஜீப்பில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

ஓடுகிற லைனை அடைக்காமலே வேலை பார்த்தவள் நான் என்பதை நீங்கள் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். ஒரு தெருவே குடிக்கிற தண்ணீரை நிறுத்த முடியாது என்று, முகத்தில் பீய்ச்சி அடிக்கும்போதே மூட்டு மாற்றியிருக்கிறேன். பழைய துணியைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன். பம்பை ஓடவிட்டேன். டப்பாவிலிருந்த மாற்றுச் செட்டை வரிசையாக மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு நட்டை முழுதாகக் கழற்றினேன்.

ஆறு உள்ளே வந்தது. நீ சொன்ன அந்தக் குளிர் வந்தது, கணுக்காலைத் தொட்டது. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரியும் தம்பி. சத்தத்தைக் கேட்டாலே அளவு தெரியும். துணியால் அடைத்துக்கொண்டு, கருகியதைக் கொக்கியால் கிண்டி எடுத்து, புது வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினேன், மூட்டுக்குமேல் மூட்டு வராமல். நட்டைத் திருப்பிக் கையால் மட்டும் இறுக்கினேன். கணுக்காலைத் தாண்டுவதற்குள் வேலை முடிந்தது. பம்ப் மிச்சத்தை வெளியே துப்பியது. ஷாஃப்டை விரலால் தடவினேன், லேசாகக் கீறியிருக்கிறது. ஜூனில் நீ பார்த்துத் திட்டலாம்.

அப்புறம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, என் கேட்கும் கம்பியை எடுத்தேன். ஆமாம், படகிலும் வைத்திருக்கிறேன். ஒரு முனையைப் பித்தளைமேல் வைத்து மறுமுனையில் காதை வைத்தேன். நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் உள்ளே வறண்ட கீச்சுச் சத்தம் வருகிறது. அதே கொஞ்சம் தளர்த்தினால் ஈரமான, மெல்லிய சத்தம், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. உன் கேட்டலாக் எதிலும் இது இருக்காது. அந்த மூச்சு வந்த இடத்தில் கையை எடுத்துவிட்டேன்.

சொட்டியது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஒழுக்கைச் சும்மா விட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மறுநாள் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கரை என்று ஒன்று இல்லாமல் போகிறது. எவ்வளவு தண்ணீர்! மூடி இல்லை, குழாய் இல்லை, சுண்ணாம்பு வட்டம் போட இடமில்லை. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். மகனுக்குப் போன் பண்ணினேன். முதலில் சாப்பிட்டேனா என்று கேட்டான். பிறகு, "ஹோட்டல்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேம்மா" என்றான். முந்தாநாள் பஸ்ஸில் போய்க் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வந்தேன், அப்போதுதான் உன் கடிதம் கையில் கிடைத்தது.

உன் சான்றிதழைப் பட்டறைக்காரரிடம் காட்டவில்லை, காட்டப்போவதும் இல்லை. கிளாண்டுக்கு மேலே பலகையில் ஒட்டி வார்னிஷ் அடித்துவிட்டேன். சொட்டு அதன்மேல் படாது.

ஜூனில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, அதனால் படகை இங்கே முகத்துவாரத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன். பஸ் பிடித்து வா. உன் இடம் பின்னால், கிளாண்டுக்குப் பக்கத்தில். சொட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஸ்பேனரைத் தொடக் கூடாது. இடுப்பளவு தண்ணீர்க் கதையை அங்கே உட்கார்ந்து சொல், நான் ஓட்டிக்கொண்டே கேட்கிறேன்.

படகுக்குள் மணல் வரக் கூடாது. ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிடு. கல்யாணத்தில் சொன்ன அந்த வார்த்தையையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஏறு. இரண்டையும் யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

அக்கா